ஆறு கட்டுரைகள், ஒரு லட்சம் யூரோ: தட்டம்மை வைரஸ் வழக்கு

“தட்டம்மை வைரஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது, ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்று ஒரு செய்தி 2017 தொடக்கத்திலிருந்து பல மொழிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோவிட் வந்தபோது அதனோடு இன்னும் சில சேர்ந்துகொண்டன: தட்டம்மை வைரஸ் இல்லையென்றால் கொரோனா வைரஸும் இல்லை, ஆய்வகத்தில் செல்கள் சாவதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்று பெயர் வைக்கிறார்கள், மரபணு வரிசை என்பது கணினி ஒட்டுப்போட்டது.

வழக்கு நடந்தது உண்மை. பரிசுப் பணம் கேட்டவர் கடைசியில் தோற்றதும் உண்மை. எந்தக் காரணத்தால் தோற்றார் என்பதை மட்டும் அந்தச் செய்தி சொல்வதில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வைரஸ் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற கேள்வி, குறிப்பிட்ட சில ஆய்வுக் கட்டுரைகளை மேசையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் கேட்கப்படுவது அபூர்வம். இங்கே கேட்கப்பட்டது. அந்தக் கட்டுரைகளை எடுத்துப் படித்தால், சந்தேகப்படுபவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றை அதை எழுதியவர்களே கேட்டிருப்பது தெரிகிறது.

சவால்

ஸ்டெஃபான் லாங்கா உயிரியல் படித்தவர். கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். கடலில் வளரும் எக்டோகார்பஸ் என்ற பழுப்புப் பாசியைத் தொற்றும் வைரஸின் மரபணு அமைப்பைப் பற்றி 1993-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. வைரஸைப் பிரித்தெடுத்து ஆராயத் தெரிந்தவர்தான். அவரே பிற்பாடு, மனிதருக்கு நோய் தரும் வைரஸ் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்ற நிலைப்பாட்டுக்குப் போனார்.

2011 நவம்பர் 24 அன்று அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தட்டம்மை வைரஸ் இருப்பதாக வெறுமனே சொல்லாமல் அதை நிரூபிக்கிற, அதோடு அதன் விட்டத்தையும் அளந்து சொல்கிற ஒரு அறிவியல் கட்டுரையைக் கொண்டுவருபவருக்கு ஒரு லட்சம் யூரோ. மருத்துவம் படித்த டேவிட் பார்டென்ஸ் என்ற இளைஞர் இதைப் பார்த்துவிட்டு, 2012 ஜனவரியில் ஆறு கட்டுரைகளை அனுப்பிப் பணத்தைக் கேட்டார். லாங்கா தர மறுத்தார். விவகாரம் ராவென்ஸ்பர்க் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த ஆறும் 1954 முதல் 2007 வரை அரை நூற்றாண்டுக்கு மேல் பரவியவை. முதல் கட்டுரைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எதிர்ப்பவர்கள் அதிகமாக மேற்கோள் காட்டுவதும் அதைத்தான்.

பாஸ்டன், 1954

தட்டம்மையை நம் ஊர்ப் பக்கம் மணல்வாரி என்பார்கள், இலங்கையில் சின்னமுத்து. அது பாக்டீரியாவால் வருவதில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. 1911-இல் ஆண்டர்சன், கோல்ட்பெர்கர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், நோயாளியிடமிருந்து எடுத்ததை பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்து, வடிந்ததைக் குரங்குகளுக்குச் செலுத்தி நோயை வரவழைத்திருந்தார்கள். வடிகட்டியைத் தாண்டிய அந்த ஏதோ ஒன்றை ஆய்வகத்தில் வளர்ப்பதுதான் யாருக்கும் சரியாகக் கைகூடவில்லை.

ஜான் எண்டர்ஸ் பாஸ்டனில் அதற்கான வழியை வைத்திருந்தார். போலியோ வைரஸை நரம்பு அல்லாத திசுக்களில் வளர்த்துக் காட்டியதற்காக 1954-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அவர். அதே ஆண்டு தொடக்கத்தில், பாஸ்டனுக்கு மேற்கே சவுத்பரோவில் இருந்த ஃபே பள்ளி என்ற விடுதிப் பள்ளியில் தட்டம்மை பரவியது. எண்டர்ஸிடம் வேலை பார்த்த இளம் மருத்துவர் தாமஸ் பீபிள்ஸ் அங்கே போய், தடிப்பு தோன்றிய மாணவர்களிடம் ரத்தமும் தொண்டை கொப்பளித்த நீரும் சேகரித்தார். கொப்பளிக்கக் கொடுத்தது கிருமி நீக்கிய, கொழுப்பெடுத்த பால். டேவிட் எட்மன்ஸ்டன் என்ற மாணவனிடமிருந்து எடுத்த மாதிரியில் வளர்ந்தது, பின்னாளில் உலகம் முழுவதும் எட்மன்ஸ்டன் வகை என்ற பெயரில் அறியப்பட்டது.

மாதிரியைச் சோதனைக்குழாயில் வளரும் சிறுநீரகச் செல்களின் மேல் விட்டார்கள். செல்கள் மனிதச் சிறுநீரகத்திலிருந்தும் குரங்குச் சிறுநீரகத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஊட்டத்துக்கு மாட்டின் பனிக்குட நீர், கன்றுக் கரு வடிநீர், குதிரைச் சீரம் (சீரம் என்பது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்). பாக்டீரியா வளராமலிருக்க பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின். இந்தப் பட்டியலைக் காட்டி, “இத்தனை கண்டதையும் ஊற்றினால் செல் சாகாமல் என்ன செய்யும், இதில் வைரஸ் எங்கே வந்தது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்கூட.

சில நாட்களில் பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து, ஏராளமான உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களாக மாறின. சாயமேற்றிப் பார்த்தபோது உட்கருக்களுக்குள்ளும் மாற்றம் தெரிந்தது. தட்டம்மையில் இறந்தவர்களின் திசுக்களில் இதுபோன்ற ராட்சதச் செல்களை நோயியல் மருத்துவர்கள் ஏற்கெனவே கண்டிருந்தார்கள்.

இனி வருவதுதான் அந்தப் புகழ்பெற்ற பகுதி. நோயாளியின் மாதிரி எதுவும் இடாத ஒரு குரங்குச் சிறுநீரகச் செல் வளர்ப்பிலும் செல்கள் கெட்டுப்போயின, சாயமேற்றாமல் பார்த்தால் அந்த மாற்றத்தைத் தட்டம்மை மாதிரிகள் உண்டாக்கியதிலிருந்து உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை என்று எண்டர்ஸும் பீபிள்ஸும் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். “பார்த்தீர்களா, வைரஸ் இல்லாமலே அதே விளைவு வந்திருக்கிறது, கன்ட்ரோல் சோதனையே செய்யவில்லை” என்பது அவர்கள் வாதம்.

நிதானமாகப் படித்தால் இந்த வாதம் தன் காலையே வாரிவிட்டுக்கொள்வது புரியும். நோயாளி மாதிரி எதுவும் இடாத குழாய் என்றால் அதுதான் கன்ட்ரோல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கும் குழாய். அந்தக் குழாயை வைத்திருந்ததால், அதையும் பார்த்ததால், பார்த்ததை மறைக்காமல் எழுதியதால்தான் எழுபது ஆண்டு கழித்து நமக்கு இந்தச் செய்தியே தெரிகிறது. கன்ட்ரோல் செய்யவில்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வரி, கன்ட்ரோலின் முடிவைச் சொல்லும் வரி.

அடுத்த வாக்கியங்களையும் படித்துவிட வேண்டும். செல்களைப் பதப்படுத்திச் சாயமேற்றினால் இரண்டையும் எளிதாகப் பிரித்தறிய முடிந்தது என்று அதே பத்தி தொடர்கிறது. தட்டம்மை மாதிரி இட்ட செல்களில் தெரிந்த உட்கரு மாற்றம் மாதிரி இடாத வளர்ப்பில் இல்லை. தட்டம்மையிலிருந்து தேறியவர்களின் சீரமும், மாதிரி இடாத வளர்ப்பிலிருந்து கிடைத்த பொருளோடு வினைபுரியவில்லை. அப்படியானால் அது என்ன? குரங்கின் சிறுநீரகத்தில் ஏற்கெனவே குடியிருந்த வேறொரு வைரஸ். செல்லுக்குள் நுரை போலக் குமிழிகளை உண்டாக்குவதால் நுரை வைரஸ் என்று பெயர் பெற்ற அந்தக் குடும்பத்தின் முதல் பதிவாக, வைரஸ் இயலில் இன்றும் இந்த 1954 கட்டுரையைத்தான் சொல்கிறார்கள்.

சீரம் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கட்டுரையின் உயிர்நாடி அதுதான். ஒரே குழந்தையிடம் இரண்டு முறை ரத்தம் எடுக்கிறார்கள்: காய்ச்சல் வந்த தொடக்கத்தில் ஒரு முறை, தேறிய பிறகு ஒரு முறை. வளர்ப்புத் திரவத்தோடு தொடக்கச் சீரத்தைக் கலந்து செல்களின் மேல் விட்டால் செல்கள் வழக்கம்போல் கெடுகின்றன. தேறிய பிறகு எடுத்த சீரத்தைக் கலந்து விட்டால் செல்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆன்டிபயாடிக் ஒன்றுதான், பனிக்குட நீர் ஒன்றுதான், குதிரைச் சீரம் ஒன்றுதான், செல்லும் ஒன்றுதான். குழந்தையும் அதே குழந்தை. இடையில் மாறியது அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை வந்து போனது மட்டும். செல்கள் பட்டினியாலோ பெனிசிலினாலோ செத்திருந்தால், தட்டம்மையிலிருந்து தேறிய குழந்தையின் ரத்தம் எதற்காக அவற்றைக் காப்பாற்ற வேண்டும்?

அப்புறம் இன்னொன்று. எட்மன்ஸ்டன் மாதிரியை ஒரு குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்ததற்கு, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்ததற்கு என்று மனிதச் சிறுநீரகச் செல்களில் 24 முறை, பிறகு மனிதப் பனிக்குடச் செல்களில் 28 முறை மாற்றி வளர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு எடுத்ததாக வைத்துக்கொண்டாலும், 24 முறைக்குள் தொடக்க மாதிரி ஒன்றுக்குப் பின்னால் 24 பூஜ்யம் போட்ட அளவுக்கு நீர்த்துப்போயிருக்கும். அந்தச் சிறுவனின் உடலிலிருந்து வந்த எந்த நச்சுப் பொருளும் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்காது. ஆனாலும் கடைசிக் குழாயிலும் அதே ராட்சதச் செல்கள். செல்லுக்குள் பெருகுகிற ஒன்றால்தான் இது முடியும். இப்படி மாற்றி மாற்றி வளர்த்து, பிறகு கோழிக் கருவுக்குப் பழக்கியதிலிருந்துதான் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தட்டம்மைத் தடுப்பூசி வந்தது.

மற்ற ஐந்தையும் வேகமாகச் சொல்லிவிடலாம். 1958-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் பெக்கும் ஃபான் மக்னுஸும் தங்கள் நாட்டு நோயாளிகளிடமிருந்து எடுத்துக் குரங்குச் செல்களில் வளர்த்தார்கள். 1969-இல் நக்காயும் இமகாவாவும், தொற்றிய செல்லுக்குள் வைரஸ் உருவாகும் கட்டங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். 1984 கட்டுரை, வைரஸின் மரபணுத் தகவலைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழை எவ்வளவு நீளம் என்று அளந்தது. 1995-இல் வந்தது, அதன் அமைப்பு பற்றியும் அது தன்னைப் படியெடுக்கும் விதம் பற்றியும் அதுவரை தெரிந்ததைத் தொகுத்தது. 2007-இல் ஜப்பானிலிருந்து வந்தது துகள்களை அளவுவாரியாகப் பிரித்து, எது எவ்வளவு தொற்றுகிறது என்று பார்த்தது. தட்டம்மை வைரஸ் ஒரே அளவு உருண்டை அல்ல, 50 நானோமீட்டரிலிருந்து 1000 நானோமீட்டர் வரைக்கும் துகள்கள் உண்டு. லாங்கா இதையும் பிடித்துக்கொண்டார். செல்லின் தோலைப் போர்த்திக்கொண்டு வெளிவரும் வைரஸ்களில் அளவு மாறுவது சாதாரணம்.

மூன்று தீர்ப்புகள்

ராவென்ஸ்பர்க் நீதிமன்றம் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஆந்திரேயாஸ் போட்பீல்ஸ்கியை நிபுணராக நியமித்தது. ஆறு கட்டுரைகளையும் சேர்த்துப் பார்த்தால் வைரஸ் இருப்பதும் அதன் அளவும் நிரூபணமாகின்றன என்று அவர் சொன்னார். 2015 மார்ச் 12 அன்று, பார்டென்ஸுக்கு ஒரு லட்சம் யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த நேரத்தில் பெர்லினில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. 2014 அக்டோபரில் தொடங்கி மறு ஆண்டு கோடை வரை அந்த ஒரு நகரத்தில் மட்டும் 1,300 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று பிப்ரவரியில் இறந்துபோனது.

லாங்கா மேல்முறையீடு செய்தார். 2016 பிப்ரவரி 16 அன்று ஸ்டுட்கார்ட் மேல் நீதிமன்றம் ராவென்ஸ்பர்க் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம் இதுதான்: இது ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 657-ஆம் பிரிவின்கீழ் வரும் பரிசு அறிவிப்பு, அதன் நிபந்தனையை வகுக்கும் உரிமை அறிவித்தவருக்கே உண்டு. லாங்கா கேட்டது “ஒரு கட்டுரை”. பார்டென்ஸ் கொடுத்தது ஆறு. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் நிரூபிப்பதாக அந்த ஆறில் எதுவும் இல்லை. ஆகவே பரிசு இல்லை. வைரஸ் இல்லை என்று தீர்ப்பில் எங்கும் கிடையாது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் பார்டென்ஸின் முறையீட்டை விசாரணைக்கு ஏற்கவில்லை. 2017 ஜனவரியில் செய்தி வெளியே வந்ததும் அது “உச்ச நீதிமன்றம் வைரஸ் இல்லை என்றது” என்று உருமாறியது.

சட்டப்படி ஸ்டுட்கார்ட் தீர்ப்பில் எனக்குக் குறை தெரியவில்லை. அறிவிப்பில் ஒன்று என்றால் ஒன்றுதான். ஆனால் அந்த நிபந்தனையை வைத்து அறிவியலை அளக்க முடியாது. நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் வக்கீல் உரிமையைச் சரிபார்ப்பார். எல்லாம் ஒரே தாளில் இருந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று யாரும் சொல்வதில்லை. 1954-இல் ஆர்.என்.ஏ.வை அளக்கும் கருவி எண்டர்ஸிடம் கிடையாது. 1984-இல் அளந்தவர்கள் மறுபடி ஒரு பள்ளிக்குப் போய்ச் சிறுவர்களின் தொண்டையிலிருந்து தொடங்க வேண்டிய தேவை கிடையாது.

எஞ்சும் கேள்விகள்

தீர்ப்பை விட்டுவிடுவோம். சந்தேகப்படுபவர்களின் வாதங்களில் இரண்டுக்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று: நோயாளியிடமிருந்து நேரடியாக, செல் வளர்ப்பு எதுவும் இல்லாமல், வைரஸை ஏன் காட்டுவதில்லை? காட்டியிருக்கிறார்கள். 1970-இல் லண்டனில் டேனும் அவர் குழுவினரும் மஞ்சள் காமாலை நோயாளிகளின் சீரத்தில் 42 நானோமீட்டர் அளவுள்ள ஹெப்படைடிஸ் பி துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1972-இல் கபிகியன், அமெரிக்காவின் நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவிய வாந்திபேதிக்குக் காரணமான வைரஸை மலத்திலிருந்தே கண்டுபிடித்தார். அதைச் செல்லில் நம்பகமாக வளர்க்கவே 2016 வரை ஆனது. 1973-இல் மெல்பர்னில் ரூத் பிஷப், பேதி வந்த குழந்தைகளின் குடல் திசுவில் ரோட்டா வைரஸைப் பார்த்தார். இந்த மூன்றிலும் துகள்கள் ஏராளமாக இருந்தன, அல்லது கிருமியை எதிர்க்க நோயாளியின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்து அவற்றைக் கட்டிகட்டியாக ஒட்டவைத்துப் பார்க்க முடிந்தது. தட்டம்மை நோயாளியின் தொண்டைச் சளியில் துகள்கள் குறைவு, சுற்றிலும் செல் துணுக்குகளும் பாக்டீரியாவும். அங்கே வளர்த்துப் பெருக்கிப் பார்ப்பதுதான் நடக்கக்கூடிய வழி. நோய்க்குத் தகுந்த வழி என்பதே வைரஸ் இயலின் நடைமுறை. ஒரு நோய்க்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க ராபர்ட் காக் வகுத்த பழைய விதிகளை வரிக்கு வரி கேட்பவர்களும் உண்டு. நோய்க்குறியே இல்லாதவர்களின் உடலிலும் காலரா கிருமி இருப்பதைக் கண்டபின் காக்கே அந்த விதிகளில் விடாப்பிடியாக இருக்கவில்லை.

இரண்டாவது: மரபணு வரிசை கணினி கோர்த்த கற்பனை என்பது. தட்டம்மையைப் பொறுத்தவரை இதற்குப் பதில் மிக அழகானது. இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. இழை வெறுமனே கிடப்பதில்லை, ஒரு புரதம் அதை வரிசையாகப் போர்த்தியிருக்கிறது. ஒவ்வொரு புரத மூலக்கூறும் அந்த இழையின் சரியாக ஆறு எழுத்துகளை, அதாவது ஆறு அடிப்படை அலகுகளைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே இழையின் மொத்த நீளம் ஆறின் மடங்காக இருந்தால்தான் வைரஸ் ஒழுங்காகப் படியெடுக்கும். தட்டம்மை மரபணுவின் நீளம் 15,894 எழுத்துகள். ஆறால் வகுத்தால் 2,649, மீதி இல்லை. சில வகைகளில் 15,900 எழுத்துகள் இருக்கின்றன, ஆறு கூடுதல். அதுவும் மீதியின்றி வகுபடுகிறது. கணினி கண்டதையும் ஒட்டுப்போட்டு உண்டாக்கிய வரிசைகள் இப்படி ஒரு விதிக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? போகட்டும், தட்டம்மை வரிசை முதன்முதலில் படிக்கப்பட்டது 1980-களில், துண்டு துண்டாக நகலெடுத்துக் கையால் படித்த காலத்தில்.

1995-இல் சூரிச்சில் மார்ட்டின் பில்லட்டரின் குழு இதைத் தலைகீழாகச் செய்தது. நோயாளி இல்லை, தொண்டைச் சளி இல்லை. தட்டம்மை வரிசையை டி.என்.ஏ. நகலாக ஒரு பிளாஸ்மிடில் (ஆய்வகங்களில் மரபணுவைச் சுமக்கப் பயன்படும் வளைய வடிவ டி.என்.ஏ.) வைத்து, வைரஸின் சில புரதங்களைத் தயாரித்துத் தரும்படி மாற்றிய செல்களுக்குள் செலுத்தினார்கள். ராட்சதச் செல்கள் தோன்றின, அவற்றிலிருந்து தொற்றும் வைரஸ் கிடைத்தது. எங்கிருந்தோ பழைய வைரஸ் கலந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலிருக்க, நகலில் மூன்று எழுத்துகளை முன்கூட்டியே மாற்றி அடையாளம் வைத்திருந்தார்கள். வெளிவந்த வைரஸில் அந்த மூன்று மாற்றங்களும் அப்படியே இருந்தன. அடுத்து, புரதம் எதையும் குறிக்காத ஒரு பகுதியை வெட்டி எடுத்தும் வைரஸை உயிர்ப்பித்தார்கள். வெட்டியது 504 எழுத்துகள். 504-உம் ஆறின் மடங்கு.

சந்தேகப்படுபவர்களின் ஒரு குறையை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். இன்றைய பல கட்டுரைகளில் கன்ட்ரோல் என்ன ஆனது என்பதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள், சில சமயம் அதன் படம்கூட இருப்பதில்லை. துறைக்குள் இருப்பவர்களுக்கு அது போதும். வெளியிலிருந்து படிப்பவருக்குப் போதாது. எண்டர்ஸ் எழுதியது போல் எழுதினால் என்ன என்று தோன்றும்.

உள்ளேயிருந்து வந்த சந்தேகம்

வைரஸ் இல்லை என்று தெரிந்தால் விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வார்களா? ஒப்புக்கொண்ட கதை ஒன்று உண்டு.

2009 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தீராத களைப்பு நோயால் அவதிப்படும் 101 பேரில் 68 பேரின் ரத்தத்தில், எலி வைரஸ்களை ஒத்த எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸைக் கண்டோம், ஆரோக்கியமான 218 பேரில் 8 பேரிடம் மட்டுமே இருந்தது என்றது. காரணமே தெரியாமல், “எல்லாம் உங்கள் மனப்பிரமை” என்று பேச்சு வாங்கிக்கொண்டிருந்த நோயாளிகளுக்கு அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று யோசித்துப் பாருங்கள். சிலர் எச்.ஐ.வி. மருந்துகளைக்கூடச் சாப்பிடத் தொடங்கினார்கள்.

மற்ற ஆய்வகங்கள் தேடியபோது கிடைக்கவில்லை. சந்தேகம் மூன்று பக்கத்திலிருந்து நெருக்கியது. எலி டி.என்.ஏ. மிக நுண்ணிய அளவில் ரசாயனங்களில் கலந்திருந்தாலும், மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை “இருக்கிறது” என்று காட்டிவிடும் என்று சிலர் நிரூபித்தார்கள். ஒன்பது ஆய்வகங்களுக்கு, யாருடையது என்று தெரியாதபடி குறியீடு இட்ட ரத்த மாதிரிகள் அனுப்பப்பட்டன. முன்பு கண்டோம் என்ற ஆய்வகங்களாலும் நோயாளியின் ரத்தத்தையும் ஆரோக்கியமானவரின் ரத்தத்தையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவதுதான் கடைசி ஆணி. 1990-களில் ஒரு புராஸ்டேட் புற்றுக்கட்டியை எலிகளின் உடலில் மாற்றி மாற்றி வளர்த்தபோது, எலியின் மரபணுவில் ஏற்கெனவே இருந்த இரண்டு வைரஸ் துண்டுகள் ஒன்றுசேர்ந்து எக்ஸ்.எம்.ஆர்.வி. பிறந்தது என்று 2011-இல் காட்டினார்கள். கட்டியின் பழைய மாதிரிகளில் அது இல்லை, பிந்தைய மாதிரிகளில் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் ‘சயன்ஸ்’ கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012-இல் முதல் ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு நடந்த பெரிய ஆய்வில் ஒருவரிடமும் வைரஸ் கிடைக்கவில்லை.

எக்ஸ்.எம்.ஆர்.வி.யைத் தட்டம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன். கன்ட்ரோல் குழாய், குறியீடு இட்ட மாதிரி, வேறு ஊர் ஆய்வகம், பழைய மாதிரியைத் தேடிப் போதல் ஆகிய கருவிகளில் எக்ஸ்.எம்.ஆர்.வி. இரண்டே ஆண்டில் விழுந்தது. தட்டம்மை வைரஸ் அவற்றில் எழுபது ஆண்டுகளாக நிற்கிறது. வைரஸ் எதுவுமே இல்லை என்பவர்களின் வாதத்தில் எனக்கு வருத்தம் தருவது இதுதான்: எந்த முடிவு வந்தால் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வோம் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்வதில்லை. ஒரு சோதனை காட்டப்பட்டால் இன்னொன்றைக் கேட்கிறார்கள்.

கிண்டியில்

உச்ச நீதிமன்றச் செய்தி பரவத் தொடங்கிய மறு மாதமே, 2017 பிப்ரவரியில், தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் பயந்து, பள்ளியில் ஊசி போட வேண்டாம் என்று மறுத்தார்கள். பயந்த பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வைரஸை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், ஊசிக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியிருக்கவில்லை.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால், சந்தேகத்துக்குரிய மாதிரிகள் கிண்டி கிங் நிலையத்துக்குப் போகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் தட்டம்மை ஆய்வக வலையமைப்பில் அதுவும் ஒன்று. ரத்தத்தில், தொற்று புதிது என்று காட்டும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். தொண்டைத் துடைப்பில் பி.சி.ஆர். மூலம் வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடுகிறார்கள். வகையை அறிய வேண்டுமென்றால், இழையைப் போர்த்தும் புரதம் இருக்கிறது அல்லவா, அதன் மரபணுவில் குறிப்பிட்ட 450 எழுத்துகளைப் படிக்கிறார்கள். உலகெங்கும் எல்லா ஆய்வகங்களும் அதே 450 எழுத்துகளைத்தான் படிக்கின்றன.

ஊசி போட்ட சில நாளில் தடிப்பு வந்த குழந்தையின் தாய், ஊசியால் வந்ததா, ஊரில் பரவும் நோயா என்று கேட்டால் பதில் அந்த எழுத்துகளில் இருக்கிறது. இந்தியாவில் போடும் தடுப்பூசியில் உள்ளது எட்மன்ஸ்டன்-சாக்ரெப் வகை, ஏ பிரிவைச் சேர்ந்தது. ஊருக்குள் பரவுவது பெரும்பாலும் டி8. ஏ என்று வந்தால் தடுப்பூசியின் லேசான விளைவு, தானாகச் சரியாகிவிடும், பிறருக்குப் பரவாது என்று தாயிடம் சொல்லி அனுப்பலாம். டி8 என்று வந்தால் சுகாதாரப் பணியாளர்கள் அந்தத் தெருவில் வேறு யாருக்கெல்லாம் காய்ச்சல், எந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி போடவில்லை என்று வீடு வீடாக விசாரிக்கத் தொடங்குவார்கள்.